அய்யாக்கண்ணு வைத்த ஜன்னல்

பினாங்குக் கடற்கரைத் தெருக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்து, "என்ன ஊர்!" என்று வியப்பார்கள். பின்பக்கம் வந்து பார்த்த எவனும் அப்படிச் சொன்னதில்லை. சூலியா தெருவில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டுக்கு நூறடி நீளம். வெளிச்சம் வருவது தெருவாசல் வழியாக மட்டும். பின்சுவரோடு அடுத்த தெரு வீட்டின் பின்சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பலகை அடித்துப் பதினோரு அறைகள். சமையல்கட்டை ஒட்டிய கடைசி அறையில் அய்யாக்கண்ணுவும் அவன் மனைவி நவமணியும் இருந்தார்கள். அங்கே பகலிலும் விளக்கு எரியும்.

அய்யாக்கண்ணு முனிசிபலில் சுவர் இடிக்கும் கூலி. நவமணிக்குக் காசநோய். காற்றும் வெளிச்சமும்தான் முதல் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டவுடன் வாங்கிவர அது என்ன பசாரில் விற்கிற மீனா?

1927-இல், மலவாளிகளை வீட்டு வழியாகத் தூக்கிப்போகாமல் பின்னாலேயே எடுத்துப்போகச் சந்து வெட்ட உத்தரவு வந்தது. எங்கள் சமையல்கட்டு இடிபடும். கடைசி அறை சந்தைப் பார்த்து நிற்கும். அய்யாக்கண்ணு தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டான்.

சமையல்கட்டை அவன் கையாலேயே இடித்தான். புதுச் சுவர் எழுப்பிய கொத்தனார், காற்றுக்கு இரண்டு ஓட்டை போதும் என்றார். இவன் விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் செங்கல் சுமந்தான். இடித்த வீட்டுச் சட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு ஆள் தாராளமாக உட்காரும் அகலத்துக்கு ஜன்னல் வைத்தான். அறைக்குச் சுண்ணாம்பும் அடித்தான். நவமணி ஜன்னலோரம் உட்கார்ந்து வெயிலில் தலை உலர்த்தினாள். மொத்தம் பதினேழு நாள்.

வீட்டை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்த நாகூர் மீரான் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன்.

"ஜன்னல் ரூமுக்கு மாசம் ஒம்பது வெள்ளி வாடகை குடுக்க ஆளு இருக்கு. நீ குடுக்கிறது நாலு. நடு ரூமு காலியா இருக்கு, அதே நாலுக்கு எடுத்துக்கலாம்."

"நான் வச்ச ஜன்னல், பாய்."

"ஜன்னல் ஒன்னோடது. சுவரு யாரோடது தம்பி?"

கொத்தனார் சொன்னபடி இரண்டு ஓட்டையோடு விட்டிருந்தால் அந்த அறையை எவனும் சீண்டியிருக்க மாட்டான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவனைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடு அறைக்கு மாறினார்கள். மறுபடி இருட்டு. தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்துவிட்டுத்தான் வந்தான். "ஜன்னல் வந்துச்சுல்ல அண்ணே, முருகன் குடுத்தாச்சு. கடனை வைக்கக் கூடாது" என்றான். எனக்கு முருகன் மேலேயே ஆத்திரம் வந்தது. மாசியில் நவமணி போய்விட்டாள். கடைசி வாரம், கதவைத் திறந்து வைக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கமும் இருட்டுதான்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், இடிக்கச் சுவர் இல்லையென்று எங்கள் பின்சந்துச் சாக்கடையைக் கழுவ அவனை அனுப்பினார்கள். அறை மாறிய பிறகு அந்தப் பக்கமே அவன் தலைவைத்துப் படுத்ததில்லை. நான் போனபோது ஜன்னலுக்குக் கீழே துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தான். மலவாளி நாற்றம் தாங்காமல் புதுக் குடித்தனக்காரர்கள் ஜன்னல் முழுக்கப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

"எப்ப அடிச்சாங்க அண்ணே?"

குடிவந்த மறுநாளே அடித்தார்கள். நவமணி உயிரோடு இருந்தவரை அதை நான் சொல்லவில்லை. அன்றைக்கும், "தெரியலப்பா" என்றுதான் சொன்னேன்.