ஜமக்காளம் போட்டு அணைத்த தீ

எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் தீ கம்மி. வீட்டுக்குள் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் குழந்தை, இவைதான் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் என் அப்பா, மகன் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பதாக எல்லோரிடமும் சொல்வார். என்ன உத்தியோகம் என்று கேட்டால், "பாம்பு பிடிக்கறான்" என்பார். தவறான தகவல் என்று சொல்ல முடியாது.

முன்பு அப்படி இல்லை என்று நிலையத்தில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். திருவண்ணாமலையைச் சுற்றிக் கூரை வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் கோடை முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்குமாம். வண்டி போய்ச் சேர்வதற்குள் பற்றிய கூரை முடிந்துபோயிருக்கும். பக்கத்து வீட்டுக் கூரையை நனைப்பதுதான் வேலை. பிறகு கூரைகள் கான்கிரீட் தளங்களாயின. தீ சமையலறைக்குள் போய்விட்டது. கோடையில் மலைப்புல் மட்டும் இன்னும் பற்றிக்கொள்கிறது. மலைமேல் வண்டி ஏறாது. பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு நாங்கள் ஏறி, அடித்து அணைப்போம். கீழே கிரிவலம் போகிறவர்களில் சிலர் நின்று, மேலே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் அணைத்ததும் மேற்கொண்டு நடப்பார்கள். யாரும் எங்கள்மேல் புகார் சொன்னதில்லை.

தீ சமையலறைக்குள் போய்விட்டதால் நாங்களும் அங்கே போக வேண்டியிருந்தது. எங்கள் நிலைய அலுவலர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ நல்லா பேசறப்பா. இனிமே காஸ் சிலிண்டர் டெமோ எல்லாம் நீயே பாத்துக்க."

நான் நல்லாப் பேசுவேன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. என்னைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் அப்போது வெளியே போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேங்கிக்காலில் ஏரிப்பக்கம் புதிதாக முளைத்த ஒரு நகரில் என் முதல் செய்முறை விளக்கம். சிலிண்டரின் வாயில் தீயைப் பற்றவைத்து, ஈரச்சாக்கை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி கிட்டே போய், நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாக விரித்துப் போர்த்த வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அடங்கியதும் வால்வை மூட வேண்டும். நான் மைக்கில் இதைச் சொன்னபோது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் போனில் படம் எடுத்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு அம்மா மட்டும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை எனக்கு ஏற்கனவே தெரியும். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் வெளிநாட்டில். அவர் வீட்டுக்குள் சாரைப்பாம்பு வந்து நான் இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். இரண்டாம் தடவை, "போன வாட்டி வந்த அதே பாம்புதாம்பா இது. சரியா கொண்டுபோய் விட்டீங்களா இல்லையா?" என்று கேட்டார். வனத்துறையிடம் ஒப்படைத்தோம், காட்டில் விட்டார்கள் என்று சொன்னேன். "எந்தக் காடு?" என்றார். நான் தெரியாது என்றேன். அதை அவர் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்கம் முடிந்ததும் அவர் எழுந்தார்.

"சாக்கு இல்லாத வீட்ல என்ன பண்றது?"

"கெட்டியான பருத்தித் துணி எதுன்னாலும் போதும் மேடம். நல்லா நனைச்சிருக்கணும்."

"நைலான் புடவை?"

"அது உருகிடும்."

"அப்ப அத முதல்லயே சொல்லணும் இல்ல? இங்க முக்கால்வாசிப் பேர் வீட்ல அதுதான் கைக்குக் கெடைக்கும்."

மைக்கைத் திரும்ப எடுத்து அதைச் சொன்னேன். அப்போதும் யாரும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை வேளையில் நிலையத்துக்கு அழைப்பு வந்தது. வேங்கிக்கால், வீட்டில் காஸ் தீ. கிளம்பினோம். சொன்ன நகரின் பெயர் வழியில் ஒரு வளைவில் தெரிந்ததும், பின்னால் இருந்த என்னைக் கேட்காமலே டிரைவர் உள்ளே திருப்பிவிட்டார். ஒரு கோலம், ஒரு நாய், மாடியில் துணி காயப்போடும் ஒரு பெண். புகை எதுவும் இல்லை. அந்தப் பெண்ணைக் கேட்டோம்.

"அது இந்த நகர் இல்லீங்க. இதே பேர்ல ஏரிக்கிட்ட இன்னொண்ணு இருக்குது."

வண்டி திரும்புவதற்கு அந்தத் தெருவில் இடம் இல்லை. ரிவர்ஸிலேயே வந்து வெளியேறினோம். சரியான தெருவுக்குப் போனபோது வாசல்களில் கூட்டம் நின்றது. ஓய்வு பெற்ற அம்மாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் விபத்து. அங்கே ஒரு இளம் தம்பதியும் கைக்குழந்தையும் குடியிருந்தார்கள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் அணைத்தபடி தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே ஓடினேன்.

சமையலறையில் தீ இல்லை. சுவரில் கரி. சிலிண்டர்மேல் பச்சைக்கோடு போட்ட பெரிய ஜமக்காளம் ஒன்று, தண்ணீர் சொட்டச் சொட்டப் போர்த்தியிருந்தது. கூடத்தில் தரையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முன்னங்கை முடி பொசுங்கி, தோல் கொப்பளித்திருந்தது. புடவை முழுக்க ஈரம். என்னைப் பார்த்ததும் சிலிண்டர் பக்கம் கையைக் காட்டினார்.

"சாக்குனு சொன்னீங்க. சாக்கு இல்ல. ஜமக்காளம் போட்டேன். தப்பா?"

"இல்லம்மா. சரிதான்."

"ரெகுலேட்டர மூடிட்டேன். நீ ஒரு தடவ பாரு."

பார்த்தேன். மூடியிருந்தது. ரப்பர் குழாய் சிலிண்டர் ரெகுலேட்டரோடு சேரும் இடத்தில் வெடித்து, கசிந்த காஸ் பற்றியிருக்கிறது. அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி வெளியே ஓடி வந்திருக்கிறாள். அவள் கத்தியதைக் கேட்டு இவர் தன் வீட்டுக் கட்டிலில் விரித்திருந்த ஜமக்காளத்தை உருவி, வாசலில் இருந்த தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். தெருவில் இருந்தவர்கள் "போகாதீங்க, போகாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் என் செய்முறை விளக்கத்தைப் படம் எடுத்தவர்கள்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சிலிண்டரை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த அம்மா இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்து ஒன்றை ஒன்றால் பிடித்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க முடியாததால் நானே பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப பயமா இருந்துச்சுப்பா" என்றார். "நீ செஞ்சு காட்டும்போது தீ சின்னதா இருந்துச்சு. இது கூரை வரைக்கும் போச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா உள்ள போனீங்க?"

"கொழந்த உள்ள இருக்குதுனு நெனச்சேன்."

குழந்தை வெளியே நன்றாக இருக்கிறது என்றேன். "அத அப்புறமாத்தான் பாத்தேன்" என்றார். ஆம்புலன்ஸ் வந்து கைக்கு மருந்து போட்டார்கள். நான் வண்டிக்குத் திரும்பி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதம் பேசியதில் ஒன்று ஒருவர் காதில் விழுந்திருக்கிறது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் சொன்னதை நம்பி ஒரு அம்மா தீக்குள் போயிருக்கிறார்.

அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கழிவுநீர்க் கால்வாய் சம்பந்தமாக ஒரு தகராறு இருந்ததும், ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாததும் டிரைவர் விசாரித்துச் சொன்னதில் தெரிந்தது. இப்போது பேசுகிறார்கள். அதனால் சண்டையும் போட முடிகிறது.

எங்கள் துறை ஏப்ரலில் கொண்டாடும் தீத்தொண்டு வாரத்தில் அந்த அம்மாவுக்கு நிலையத்தில் பாராட்டு ஏற்பாடு செய்தோம். பந்தல், சால்வை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நான் எழுதிவைத்த நிலைய வரலாறு ஒரு பலகையில். நிலைய அலுவலர் சால்வை போர்த்திவிட்டு, "அம்மா ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்றார்.

அவர் மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். அன்னைக்கு வண்டி லேட்டாத்தான் வந்துச்சு. வேற நகருக்குப் போயிட்டு வந்தாங்க. தப்பு அவங்களோடது இல்ல. ஒரே பேர்ல ரெண்டு நகர் வெச்சிருக்கோம், தெருவுக்குப் பலகை இல்ல. நான் அணைச்சிட்டேன், சரி. அணைக்க முடியாம போயிருந்தா இந்தச் சால்வைய யாருக்குப் போட்டிருப்பீங்க?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நிலைய அலுவலர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு, "கரெக்டாத்தான் பேசினாங்க. கொஞ்சம் கம்மியா பேசியிருக்கலாம்" என்றார்.

அவர் கம்மியாகப் பேசவில்லை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்தார். பலகைகள் வரும்வரை காத்திருக்காமல், ஏரிப்பக்கத்து நகரில் வீடுவீடாகப் போய் ஆட்களைச் சேர்த்து, தெருமுனைச் சுவர்களில் பெயிண்டால் பெயர் எழுத வைத்தார். அந்த வேலையை எல்லாம் மேற்பார்வை பார்த்தது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுப் பெண். எழுத்துப்பிழைகளைத் திருத்தியது இவர்.

பிறகு ஒருநாள் நிலையத்துக்கு வந்து, அடுத்த டெமோ எங்கே என்று என்னிடம் கேட்டார். நானும் வரேன் என்றார். நிலைய அலுவலரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "வண்டில ஏத்தக் கூடாது. பஸ்ல வந்தா நமக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

பஸ்ஸில் வந்தார். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம், கடலைக்காய் பறிப்பு முடிந்திருந்த நேரம். நான் பேசினேன், வழக்கம்போல யாரும் கேட்கவில்லை. அவர் முன்னால் போய், தழும்பு விழுந்த கையை நீட்டிக் காட்டி, "இது எப்படி ஆச்சு தெரியுமா?" என்றார். எல்லோரும் கிட்டே வந்தார்கள்.

கதையைச் சொல்லி முடித்து, யாராவது ஒருத்தர் வந்து அணைச்சுக் காட்டுங்க என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். கடைசியில் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சாக்கை வாங்கினார். கூட்டத்துக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"அவரு அடுப்பங்கரைப் பக்கமே வந்ததில்ல. அவருக்கு எதுக்குங்க இது? சாக்க இங்க குடுக்கச் சொல்லுங்க."

பெரியவர் மறுபேச்சு இல்லாமல் சாக்கைக் கொடுத்தார். பெரியவரின் மனைவி முதல் தடவை பயந்து பின்வாங்கினார். இரண்டாம் தடவை முகத்தை மறைத்துக்கொண்டு போய்ப் போர்த்தினார். தீ அடங்கியது. வால்வைத் திருகிவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "இன்னொரு வாட்டி கொளுத்துங்க" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. பக்கத்து ஊரில் கிணற்றில் பசு. சிலிண்டரை வண்டியில் ஏற்றினோம். வரிசையில் நின்றவர்கள் எங்களை நல்லவிதமாகப் பார்க்கவில்லை.

"நீங்க போங்கப்பா, மாடு பாவம்" என்றார் அந்த அம்மா. "நான் சிலிண்டர் இல்லாம சொல்லிக் குடுத்துட்டு பஸ் புடிச்சு வரேன்."

நாங்கள் போய்க் கயிறு கட்டி இறங்கினோம். பசு சினையாக இருந்தது. மேலே ஏற்றியதும் உதறிக்கொண்டு நின்று, என் பூட்ஸுக்குப் பக்கத்தில் இருந்த புல்லை மேய ஆரம்பித்தது.