லாரிக்கும் காருக்கும் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் வீட்டில் என் மூக்குக்கென்று ஒரு தனி மரியாதை இருந்தது. மற்றபடி என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. மாங்காய் சீசனில் நைனா பாலசமுத்திரத்துத் தோட்டங்களில் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு சித்தூர் ஜூஸ் ஃபேக்டரிக்குப் போவார். லோடு ஏறி முடிந்ததும் என்னைத் தூக்கி லாரி மேல் விடுவார். எந்த மூலையில் அழுகல் கிடக்கிறது என்று நான் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஃபேக்டரி வாசலில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். ஒன்று அழுகினால் அதற்குள் பக்கத்தில் கிடப்பதெல்லாம் கெட்டுவிடும். நான் கை காட்டிய இடத்தில் தோண்டினால் அழுகல் கட்டாயம் இருக்கும். "எம் பொண்ணுக்கு மூக்குலயே கண்ணு கீது" என்று நைனா லோடு ஏற்றுகிறவர்களிடம் சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது.

லாரி என்னைவிட மூத்தது. காலையில் அதைக் கிளப்புவது ஒரு தெருவுக்கே வேலை. நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, அது இருமி, கறுப்பாகப் புகை கக்கி, மனசு வந்தால் கிளம்பும். வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று எஃப்சி சர்ட்டிஃபிகேட் வாங்கப் போகும் சமயத்தில் நைனா அதற்குப் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து, பெண் பார்க்க வருகிறவர்களிடம் காட்டப்போகிற மாதிரி ஜோடித்துக் கூட்டிக்கொண்டு போவார். அந்த வருஷம் பெயின்ட் அடித்தும் லேசில் தேறவில்லை. செலவு வைத்துக்கொண்டே இருந்தது. இனி என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்தது.

பேச்சு சண்டையானதற்கு நான்தான் காரணம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காலி மாங்காய்க் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து லாரி ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். கியர் போடும் முன்னால் இடது தொடையைக் கையால் தூக்கி கிளட்ச் மேல் வைப்பேன். ஒவ்வொரு கியருக்கும் அப்படி. அம்மா குழம்பு கிளறிக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

"ஏன்டி காலைக் கையால தூக்கி வெக்கிற?"

"லாரின்னா அப்படித்தான்மா ஓட்டணும். நைனா அப்படித்தான் ஓட்டுறாரு."

"எப்பத்துலேர்ந்து?"

"போன சீசன்லேர்ந்து" என்றேன், டிரைவிங் தெரியாத பெண்பிள்ளைக்கு விளக்கம் சொல்லும் தோரணையில். அம்மா என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் குழம்பு அடிப்பிடித்தது. அதையும் நான்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அங்கே ஒரு சேட்டின் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். ரயில் இறங்குகிற பக்தர்களை மலைக்கு ஏற்றிப் போவது, இறக்கி வருவது, காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று சுற்றிக் காட்டுவது அவர் வேலை. அம்மா சொல்லியனுப்பித்தான் வந்தார் என்பது அவர் சாப்பிட உட்கார்ந்த அவசரத்திலேயே தெரிந்தது. உட்கார்ந்ததுமே நைனாவிடம் ஆரம்பித்தார்.

"மாமா, புது லாரி வாணாம். இருக்கறத ஒரு டிரைவரப் போட்டு ஓட்ற வரைக்கும் ஓட்டு. நீ ஒரு சின்ன கார் எடு. நல்லா மைலேஜ் குடுக்கும். மாங்கா ரெண்டு மாசம்தான், சாமி பாக்க வர்றவன் வருசம் பூரா வந்துக்கினே இருப்பான்."

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்துத் தண்ணீர் குடித்தார். "ஊருல என்ன லாரிக்காரருன்னு கூப்புட்றாங்க மச்சான். கார வெச்சிக்கினு, கதவத் தொறந்து வுட்டு, பொட்டியத் தூக்கி உள்ள வெச்சி, 'தர்சனம் பாகா அயிந்தா சார்'னு கேட்டுக்கினு நிக்கணுமா நானு? பழச வித்துட்டுப் புது லாரிதான் எடுப்பேன்."

தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்ற இதே கேள்வியை மாமா ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்கிறவர். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. அம்மாதான் பேசினாள்.

"காலு மரத்துப் போவுது ஒங்களுக்கு. கொழந்தைக்குத் தெரியுது, எனக்குத் தெரியாதா? புது லாரி எடுத்தா இன்னும் பத்து வருசம் அந்தக் காலோட மொகிலி மலைப்பாதைல எறங்கி ஏறணும். நான் வாசலையே பாத்துக்கினு உக்காந்து இருக்கணும்."

"யார் சொன்னது? காலு நல்லாத்தான் கீது" என்று நைனா சட்டென்று எழுந்து, எச்சில் கையோடு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். எனக்கும் அவர் நன்றாகத்தான் நடக்கிறார் என்று பட்டது. இதில் அழ என்ன இருக்கிறது என்று அம்மாவைப் பார்த்து எரிச்சல்கூட வந்தது.

சொல்லப்போனால் நான் முழுக்க முழுக்க நைனா கட்சி. புது லாரி எடுத்தால் நெற்றியில் என் பெயரை எழுதுவதாகச் சொல்லியிருந்தார். தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, இரண்டு பக்கமும் தாமரைப்பூ. சித்தூர் ரோட்டில் எதிரே வருகிற ஜனமெல்லாம் என் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஒதுங்க வேண்டும். காரில் எங்கே எழுதுவது? அதற்கு நெற்றியே கிடையாது.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றது. அம்மா தட்டை வைப்பாள், நைனா சாப்பிடுவார், நான் நடுவில் தூது போவேன். மறுபடி மாமா வந்திருந்தபோது நைனாவே ஒரு வழி சொன்னார். "இன்னாத்துக்கு வீணா சண்ட? நம்ம கங்கம்மா கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம். அவ இன்னா சொல்றாளோ அதான். அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

மாமா வாயைப் பிளந்தார். வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதைத் தவிர சாமி சமாசாரம் எதிலும் நைனா தலையிட்டதில்லை. பூக்கட்டுவது எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் சாதாரணமாக நடப்பதுதான். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்து, வெளியே ஒரே மாதிரி தெரியும்படி நாரால் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னக் குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை என்றால் ஒன்று, சிவப்பு என்றால் மற்றது. நைனாவே பேசி முடித்தார். வெள்ளை மல்லி வந்தால் புது லாரி, செவ்வரளி வந்தால் கார். பூ வாங்கிக் கட்டுகிற வேலை அவருடையது. எடுக்கிற குழந்தை நான்.

அம்மாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கங்கம்மாவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? ஆனால் பயந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் எனக்குத் தலை வாரும்போது ஒரே வகிட்டை மூன்று தடவை எடுத்தாள். "செவப்பு வரணும்னு வேண்டிக்கோடி" என்று காதோடு சொன்னாள். நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். செவ்வரளிக்கு வாசனை கிடையாது. மல்லி ஏழு இலைக்குள் இருந்தாலும் எனக்குத் தெரியும். சாமிக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிற சாக்கில் மோந்து பார்த்துவிட்டால் முடிந்தது வேலை.

கோயிலில் நாங்கள் நாலு பேரும் பூசாரியும்தான். லாரி வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. நைனா இரண்டு பொட்டலங்களையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். வாழையிலை, வாழைநார், அச்சு அசல் ஒன்றேபோல் இருந்தன. கற்பூரம் காட்டியதும் பூசாரி என்னைக் கூப்பிட்டு, ஏதாவது ஒன்றை எடு என்று, "ஒகட்டி தீயம்மா" என்றார்.

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். முதல் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். வாழையிலை வாசனை மட்டும் வந்தது. அப்படியானால் மற்றதுதான் மல்லி என்று தலையைத் திருப்பி மூச்சை இழுத்தேன். அதிலும் வாழையிலைதான். மறுபடி இது, மறுபடி அது. இரண்டிலும் ஒன்றுமே வரவில்லை. "பக்தி ஜாஸ்தி பாப்பாவுக்கு" என்று மாமா பின்னாலிருந்து சொன்னது கேட்டது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்தேன்.

செவ்வரளி.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறேன் தாயே என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள். இன்றைக்கும் ஆடி மாசத்தில் விடாமல் வைக்கிறாள். நைனாவின் முகத்தை நான் பயந்து பயந்து பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கங்கம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னா பண்றது, அவளே சொல்லிட்டா" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. மாமா மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்கக் கையை நீட்டினார். நைனா தட்டிவிட்டார். சாமி வேண்டாம் என்றதைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லி, தானே எடுத்துக்கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டார்.

நான் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் பெயர் போயிற்று, தாமரைப்பூ போயிற்று, எல்லாவற்றையும்விட என் மூக்கு போயிற்று. நைனா வந்து டிரைவர் சீட்டில் ஏறினார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்குமா அழுவுற?"

"மூக்கு அடைச்சிக்கிச்சி நைனா. மல்லி வாசனையே வரல."

நைனா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். அங்கே அம்மா மாமாவிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"சளி புடிச்சிருக்கும் கண்ணு" என்றார் நைனா. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துணி சுற்றிய தைல டப்பா ஒன்றை எடுத்தார். முக்கால்வாசி காலியாக இருந்தது. அப்படியொன்று அங்கே இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. யாருக்கு, எங்கே தடவி இவ்வளவு தீர்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. விரலால் வழித்து, என் பக்கம் நன்றாகச் சாய்ந்து, மூக்கின் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்துவிட்டார். முதலில் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எரிச்சல் அடங்கியதும் மூச்சை இழுத்தேன்.

"நைனா, வருது. மல்லி வாசனை வருது. கிட்டக்கவே வருது."

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பையை அப்படியே உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"நல்ல தைலம்மா அது" என்றார்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் அந்தத் தைலத்தைத்தான் நான் சிபாரிசு செய்தேன்.