பனச்சமூட்டில் சுந்தரதாஸ் வாங்கிய கோரல்

பனச்சமூடு சந்திப்பில் இருக்கும் ஸ்டுடியோவில் லேகா பதினெட்டு வருடமாகக் கல்யாண ஆல்பம் செய்கிறாள். மணப்பெண்களின் முகத்தை இரண்டு படி வெளுப்பாக்குவாள். மாமியார்களின் நரையை மறைப்பாள். மழை மூடிய வானத்தை நீலமாக்குவாள். எந்தப் படத்தில் எதை ஏற்றினால் என்ன நிறம் வரும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். அப்படிப்பட்டவளே ஒரு படத்தைப் பார்த்து ஏமாந்துபோனாள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நாற்பத்திரண்டு வயதுவரை அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரு கடல்நீர்த் தொட்டி மட்டும்தான். உப்புப்பொடி கரைத்து, நான்கு மாதம் தண்ணீரைப் பக்குவப்படுத்தி, இரண்டு கோமாளி மீன்களை விட்டாள். அடுத்து ஒரு கோரல், உயிருள்ள கடல் பவளம், வேண்டும். நெய்யாற்றின்கரைப் பக்கம் சுந்தரதாஸ் என்பவன் வீட்டிலேயே கோரல் வளர்த்து, தனியே வளரக்கூடிய துண்டுகளாக வெட்டி, ஆன்லைனில் விற்றுவந்தான். அவன் போட்டிருந்த படத்தில் காளான் போல விரிந்த ஒரு கோரல் ஆரஞ்சு நிறத்தில் தணலாய் எரிந்தது. மேலெல்லாம் பச்சைக் குமிழ்கள். லேகா முழுப் பணத்தையும் அனுப்பினாள்.

வீட்டுக்குப் பார்சலில் வந்தது காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. அளவு சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது. குமிழ் ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். கோரலுக்குப் பக்கத்தில் கிடந்த வெள்ளை மணல்கூட ஊதா நிறத்தில் இருந்தது. நீல விளக்கில் எடுத்து, அதற்கு மேலும் நிறத்தை ஏற்றியிருந்தான்.

தொட்டி வைத்திருப்பவர்களின் ஃபேஸ்புக் குழுவில் இரண்டு படங்களையும் போட்டு அவனிடம் கேட்டாள். சுந்தரதாஸ் எல்லாரும் பார்க்கப் பதில் போட்டான்: "உங்க லைட்டு கொள்ளாது சேச்சி. நான் தந்த சாதனத்துக்கு ஒரு குத்தமும் இல்ல. அடுக்களையில நிக்கியவங்க மீன்கறி வச்சா போரும், கோரல் எதுக்கு?" நாற்பது பேர் சிரித்தார்கள்.

அன்று லேகா சாப்பிடவில்லை. கணவன் அஜேஷ் அம்பூரியில் ரப்பர் தோட்ட வேலை முடித்து வந்து, "போட்டும், விடு. பைசா போனா போச்சு," என்றான்.

"பைசாவா? நாப்பது பேரு சிரிச்சாவ. அவன விடமாட்டேன் கேட்டியளா."

எட்டு மாதம் அவள் குழுவில் வாய் திறக்கவில்லை. கோரலை மட்டும் நன்றாக வளர்த்தாள். அது உள்ளங்கை அகலம் விரிந்தது. நிறம் அதே காப்பிப்பொடிதான். ஒருநாள் நீல விளக்கு போட்டு, மிக நெருக்கத்தில் படம் எடுத்து, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மாலைவரை உட்கார்ந்தாள். நெருப்பும் பச்சையும் குமிழுமாக, உலகத்தில் இல்லாத ஒரு கோரல் பிறந்தது. பாலராமபுரத்தில் இருக்கும் நாத்தனார் சிஜியின் பேரில் அதை விற்பனைக்குப் போட்டாள்.

அரை மணி நேரத்தில் சுந்தரதாஸ் சிஜியை அழைத்தான். வெட்டி வெட்டி விற்கலாம் என்ற ஆசை அவன் குரலிலேயே தெரிந்ததாம். அவன் எல்லாரிடமும் கேட்பதுபோலவே முழுப் பணமும் முன்னால் வேண்டும் என்றாள் சிஜி. வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடக்கூடாதென்று உடனே அனுப்பினான். "சாதனம் பனச்சமூட்டில எனக்க மைனி கையில இருக்கு, ஸ்டுடியோவில போய் வாங்கிக்கிடுங்க," என்றாள் சிஜி.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தான். லேகாவின் முகத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அவள் கோரல் இருந்த தண்ணீர்ப் பையை மேசைமேல் வைத்தாள். சுந்தரதாஸ் அதைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"இது என்னது? இதா படத்தில உள்ளது?"

"அதுதான்."

"தவிட்டு நிறத்தில்லா இருக்கு!"

"உங்க லைட்டு கொள்ளாது. சாதனத்துக்கு ஒரு குத்தமும் இல்ல."

அவன் பையைத் திருப்பினான். கோரல் ஒட்டியிருந்த சிறு வட்டின் அடியில் அவன் கையெழுத்தில், விற்கும்போது அவன் போட்ட நம்பர்.

"நீங்க… அந்த லேகா சேச்சியா?"

"ஓம்."

"படத்தில கள்ளத்தனம் செய்ததுக்கு போலீசில சொல்லுவேன். நீங்களும் இந்தத் தொழில்தானே செய்யுதிய, பெண்ணுவள வெளுக்க வச்சு?"

"நான் வெளுக்க வைக்கியது கல்யாணம் கழிஞ்ச பொறவாக்கும். அதப் பாத்து ஒருத்தனும் பெண்ணு கெட்டல்ல."

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். லேகா சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அவன் சிஜிக்கு அனுப்பிய அளவு பணத்தை எடுத்து வைத்தாள். பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்து வீடியோவை ஓடவிட்டாள்.

"பைசா இதா இருக்கு. இது உங்க கோரல், படத்தில நிறம் கூட்டித்தான் எனக்கு வித்திய. அத இதில சொல்லிட்டு எடுத்துக்கிடுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். பின், தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"மூஞ்சிய நிமித்திச் சொல்லணும்."

நிமிர்ந்து சொன்னான்.

அந்த வீடியோ குழுவில் ஏறிய பத்து நிமிடத்தில், சிரித்த நாற்பது பேரில் பதினாலு பேர் தங்களுக்கு வந்த பழுப்புக் கோரல்களின் படத்தைப் போட்டார்கள். அந்த வாரமே சுந்தரதாஸ் விற்பனையை நிறுத்தினான். ஒருவர் மட்டும் லேகாவிடம், "அவன் செய்ததத்தானே நீங்களும் செய்தீங்க?" என்று கேட்டார். "ஓம், செய்தேன்," என்று பதில் போட்டாள்.

நான்கு மாதம் கழித்து அவன் மறுபடியும் ஸ்டுடியோவுக்கு வந்தான். மெலிந்திருந்தான்.

"சேச்சி, அந்த வீடியோவ குழுவில இருந்து மாத்தணும். அது ஊரெல்லாம் சுத்தி, எனக்க மவள ஸ்கூல்ல பிள்ளையளு கேலி செய்யுதாவ."

லேகாவுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. அந்தக் குழந்தை என்ன செய்தது? ஆனால் எட்டு மாதம் அடக்கி வைத்தது அத்தனை சீக்கிரம் கரைவதாக இல்லை.

"பதினாலு பேரு இருக்காவ. அவங்களுக்குப் பைசா திருப்பிக் குடுத்துட்டு வாங்க. அண்ணைக்கு மாத்துதேன்."

"அவ்வளவு பேருக்குமா?"

"அவ்வளவு பேருக்கும்."

இதுவரை ஒன்பது பேருக்குக் கொடுத்துவிட்டான். ஒவ்வொருவரையும் லேகாவே அழைத்து, வந்ததா என்று கேட்டுக்கொள்கிறாள். இன்னும் ஐந்து பேர் பாக்கி. வீடியோ அங்கேயே இருக்கிறது.