குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவள்

இன்று அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில் கிடாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஏறி அருகில் உட்கார்ந்தார். அவர் கணவர் துபாயில் இருக்கிறார்.

"மொட்டமாடியில நீங்கல்லாம் மைக் இல்லாம பாடுனீங்களே, அந்த வீடியோ பாத்தேன். நீ எழுதுன பாட்டும் கேட்டேன்."

பிடித்திருந்ததா என்று கேட்டேன்.

"பேர மாத்திட்ட, ஊர மாத்திட்ட. பாத்ரூம்ல கொழாயத் தொறந்துவுட்டுட்டு அவ அழுவுறத மட்டும் ஏன் மாத்தல?"

சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதை அப்படியே எழுதியிருந்தேன்.

"எங்க மாமியாரும் அந்தப் பாட்டக் கேட்டுட்டாங்க. இப்ப குளிக்கப் போனாலே கதவத் தட்டுறாங்க."

இருவருக்கும் ஒரே தெரு. இறங்கியதும் அவர் முன்னால் போய்விட்டார்.

வீடியோவை இந்தப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். அந்த வரிதான் பாட்டுக்கு உயிர் என்று நேற்று வரை இங்கே கமென்ட்டில் எழுதினீர்கள். அக்கா இனி எங்கே போய் அழுவது என்றும் யாராவது எழுதுங்கள்.