பக்கத்தின் கடைசி வரி

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள் என்று கேள்விப்பட்டால் வாடிக்கையாளர்கள் ஒருமுறை தலை தூக்கிப் பார்ப்பார்கள். அந்த இசைக்குழுவில் எல்லோரும் அப்படித்தான். நடத்துகிறவர் பல் டாக்டர். ட்ரம்பெட் ஊதுகிறவர் தபால்காரர். வாரத்தில் ஒரு மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை. வருஷத்துக்கு நான்கு கச்சேரிகள். நான்கும் சேர்ந்தால் ஒரு சீசன்.

அவளும் அவள் அக்காவும் கடைசி வரிசையில் இசைக்குறிப்புத் தாள் வைக்கும் ஒரே ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வயலின்காரர்களில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டுதான். பக்கம் முடியப்போகும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். சேர்ந்த நாளிலிருந்து உள்பக்கம் இவளுடையது. தங்கைதானே.

சீசனின் மூன்றாவது கச்சேரி முடிந்த வாரம் அக்கா குளியலறையில் விழுந்தாள். எழவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இவளுக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று வீட்டுக்காரர் கைக்குட்டையும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். இவள் மறுவாரமே கடைக்குப் போய்ச் சட்டைக் காலர்களைத் தேய்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. சூடு தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒத்திகையில் பல் டாக்டர் அவளை அக்காவின் நாற்காலிக்கு மாற்றினார். உள்பக்கம், புதிதாகச் சேர்ந்த பிளம்பர். முதல் பக்கம் முடியும் இடத்தில் இவள் கை தானாகத் தாளுக்குப் போனது. பிளம்பர் கையும் வந்தது. இரண்டு பேரும் இழுத்ததில் தாள் கிழிந்து ஸ்டாண்டு சாய்ந்தது.

"குழாய் உடைஞ்சா ஒட்டிடுவேன்க்கா. இதை எப்படி ஒட்டுறதுன்னு தெரியலையே."

வரிசையே சிரித்தது.

"தாளை அவர் பாத்துக்குவாரு. நீங்க வாசிங்கம்மா" என்றார் பல் டாக்டர்.

மறுபடி ஆரம்பித்தார்கள். பல சீசன்களாக வாசித்துவரும் அதே சிம்பொனிதான். தாள் ஒழுங்காகத் திரும்பியது. இவள் வில் நின்றுவிட்டது. எந்தப் பக்கத்தின் கடைசி வரியும் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் அந்த இடம் வரும்போதெல்லாம் இவள் விரலில் தாள்தான் இருந்தது. வாசித்தது அக்கா.

முடிந்ததும் பல் டாக்டர் அருகில் வந்தார். "அந்த இடத்துல பாதிப் பேர் தாள் திருப்பப் போயிடுறாங்க. மிச்சப் பேர் வாசிச்சாத்தான் சத்தம் கேக்கும். கடைசி ஒத்திகைக்குள்ள வரலைன்னா நீங்க பழையபடி உள்ள உட்காருங்க, இங்க அவரைப் போடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வருத்தமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா நாற்காலியில் இன்னொருவர் உட்காருவதை ஒரு முழம் தள்ளியிருந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி வரிகளை மட்டும் வாசித்தாள். ஒரு பக்கத்தின் அடி, அடுத்த பக்கத்தின் அடி.

"என்னடி, வெறும் வாலா வருது? தலை, உடம்பெல்லாம் எங்க போச்சு?" வெளியிலிருந்து வீட்டுக்காரர்.

"அதெல்லாம் தெரியும். அடுப்புல பால் இருக்கு, பாருங்க."

"அது பொங்கி முடிச்சு ஆறியே போச்சு."

கடைசி ஒத்திகையில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். பல் டாக்டர் நாற்காலிப் பேச்சை எடுக்கவில்லை. இவளும் எழுந்திருக்கவில்லை.

கச்சேரியில் மெதுவான பகுதி. அடி வரி வந்தது. உள்பக்கத்தார் ஒவ்வொருவராக வில்லை எடுக்க, சத்தம் மெலிந்தது. தன் வயலின் தனியாகக் காதில் விழுந்தது. ஒரே தாழ்ந்த சுரத்தை நீட்டி நீட்டிப் பிடிக்கும் சாதாரண வரி. இதைத்தான் அக்கா வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

பதற்றத்தில் பிளம்பர் முன்னதாகவே திருப்பிவிட்டார். வரியின் மிச்சம் தாளுக்குப் பின்னால் போய்விட்டது. வில் நிற்கவில்லை. பார்க்காமலே முடித்தாள்.

கைதட்டலுக்கு எல்லோரும் எழுந்தார்கள். பிளம்பர் காதருகே குனிந்தார். "அவசரப்பட்டுட்டேன்க்கா. மாட்டிவிட்டுட்டேன்ல?"

"பரவாயில்ல." சபையைப் பார்த்தபடியே சொன்னாள். "அடுத்த சீசன்ல நான் தலையை ஆட்டுவேன். அப்புறம் திருப்புங்க."