பச்சை காட்டிய கட்டம்

சண்டைக் காலத்தில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினியில் விபரம் பதிகிற வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள் நான். தமிழைப் பார்க்காமலே அடிப்பேன் என்பதால்தான் எடுத்தார்கள். எந்த நேரமும் ஏதாவது பிழையாகிவிடும் என்ற பயம் சின்ன வயதிலிருந்தே என்னோடு உண்டு. துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் மற்றவர்கள் யன்னலைப் பார்ப்பார்கள். நான், அடித்ததைச் சேமித்தேனா என்று பார்ப்பேன்.

குச்சவெளி வீதியில் இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தது. கடலோரம், கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீரை எங்கள் பவுசர் லொறிதான் கொண்டுபோய் அங்குள்ள டாங்கிகளில் ஊற்றும். இருந்தது ஒரே ஒரு பவுசர். அதனால் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலிருந்தும் யாராவது போன் எடுத்து, ஆளுக்கு எத்தனை லீற்றர் மிச்சம் என்று சொல்வார்கள். நாங்கள் அதை எக்செல் கட்டத்தில் போடுவோம்.

கட்டங்களுக்கு நிறம் வரச் செய்தவர் என்னோடு வேலை செய்த கிண்ணியாக்காரர். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஐந்துக்குக் குறைந்தால் சிவப்பு, பதினைந்துக்கு மேலே போனால் பச்சை, இடையில் மஞ்சள். இலக்கத்தை அடித்து என்ரரைத் தட்டியதும் கட்டம் தானாக நிறம் மாறும். பொறுப்பாக இருந்த ஐயாவுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. "இலக்கத்தைப் பார்த்தா எனக்குத் தலையிடி. நிறம் மட்டும் தெரிஞ்சாக் காணும்" என்றார். நானா எழுத்தின் நிறத்தையும் கட்டத்தின் நிறமாகவே மாற்றிவிட்டார். இலக்கம் நிறத்துக்குள் மறைந்துபோனது. அதன் பிறகு சிவப்பு விழுந்த இடத்துக்குப் பவுசர் போகும், பேச்சில்லை.

அந்தப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில் என் அக்கா கைக்குழந்தையோடு இருந்தாள்.

ஒருநாள் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்துவிட்டதால் பிந்தித்தான் வந்தேன். காலைப் போன்களையெல்லாம் நானாவே எடுத்துப் பதிந்திருந்தார். திரையில் ஒரு சிவப்பு. அது அக்கா இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம், அதே வீதியிலுள்ள இன்னொரு பள்ளிக்கூடம். அக்காவின் கட்டம் பச்சை. அப்பாடா என்று கதிரையில் இருந்தேன். இருந்த கையோடு நேற்றைய நிறம் நினைவுக்கு வந்தது.

"நானா, நேத்து இது மஞ்சளெல்லோ. பவுசரும் போகேல்லை. எப்பிடிப் பச்சை வந்தது?"

"தங்கச்சி, உங்களுக்குச் சிவப்பெண்டாலும் பயம், பச்சையெண்டாலும் பயம். நீலத்தில ஒண்டு போட்டுத் தரட்டா?"

நான் சிரிக்கவில்லை. அந்தக் கட்டத்தில் அழுத்தி, அடித்ததை நிறமில்லாமல் காட்டுகிற, மேலே உள்ள வெள்ளைப் பட்டையைப் பார்த்தேன். அங்கே எங்கள் தமிழ் எழுத்து தமிழாகத் தெரியாது. கமாவும் புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குழம்பிக் கிடக்கும். ஆனால் எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்று என் விரலுக்குத் தெரியும். மேசையில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தேன். வந்தது 'இல்லை' என்ற சொல்.

"நானா, இதில 'இல்லை'யெண்டு கிடக்கு."

"ஓம், அவங்க அதைத்தானே சொன்னாங்க. சொன்னதை அடிச்சன்." சொல்லிக்கொண்டே எழும்பி வந்தவரின் முகம் மாறியது. "யா அல்லாஹ். எழுத்தை எக்செல் எல்லா இலக்கத்தையும் விடப் பெரிசெண்டு எடுக்கும். அதான் பச்சை."

"தண்ணி இல்லையெண்டு சொன்னவையோ, இன்னும் அளக்கேல்லையெண்டு சொன்னவையோ?"

"தெரியாது. இல்லையெண்டதோட லைன் வெட்டிட்டுது."

திரும்ப எடுத்தோம். போன் போகவில்லை. வெளியே பவுசர் ஸ்டார்ட்டில் நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு அந்த வீதியில் வாகனம் விடமாட்டார்கள். இன்று தவறவிட்டால் நாளைக்குத்தான். உப்புத் தண்ணீரில் பால்மா கரைத்தால் குழந்தை என்னாகும் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

ஐயாவிடம் போனோம். அவர் திரையைப் பார்த்தார். "பச்சையாத்தானே பிள்ளை இருக்கு?"

நானா குனிந்து அந்தச் சொல்லை அழித்துப் பூச்சியத்தை அடித்தார். கட்டம் சிவந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார்.

"அப்ப ரெண்டு சிவப்பு. பவுசர் ஒண்டு. நான் என்ன செய்ய?"

வாசலில் நின்ற டிரைவர் அண்ணைதான் சொன்னார்: "ஒரே றோட்டுத்தானே ஐயா. பாதி அங்க, பாதி இங்க ஊத்துறன். ரெண்டு இடத்திலயும் ஏச்சு எனக்குத்தான்."

ஐயா என்னைப் பார்த்தார். அக்கா அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். முழுவதையும் அங்கே விடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். மற்றச் சிவப்பும் திரையில் எனக்கு முன்னாலேயே இருந்தது. "ஓம் ஐயா, பாதிப் பாதி" என்றேன்.

பின்னேரம் டிரைவர் அண்ணை வந்து, அக்காவின் இடத்தில் டாங்கி முதல்நாள் இரவே காய்ந்துவிட்டதாம் என்றார். ஏச்சு வாங்கினீங்களா என்று கேட்டேன். "ஏசினாப் பரவாயில்லை பிள்ளை. அங்க ஒருத்தரும் வாயே திறக்கேல்லை" என்றுவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுத்த நாள் காலை லைன் கிடைத்தது. அளவு சொல்ல வந்தவள் அக்காவேதான்.

"பிள்ளைக்கு எப்பிடி?"

"வயித்தாலை போகுது. இப்ப கொஞ்சம் குறைவு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏன்டி, அரைவாசிதானாம் ஊத்தினது? என்ர தங்கச்சி அங்கதான் இருக்கிறாள், முழுசா அனுப்புவாளெண்டு நான் எல்லாரிட்டயும் சொல்லிப்போட்டன்."

மற்ற இடத்திலும் ஒன்றும் இருக்கவில்லை அக்கா என்று சொன்னேன். அங்கே பின்னால் வாளிகள் உரசுகிற சத்தம் கேட்டது.

"எத்தினை லீற்றர் அக்கா?"

"ஆறு" என்றாள். நான் ஆறை அடித்தேன். கட்டம் மஞ்சளானது.