கினாவியின் இரண்டு வெள்ளைத் துண்டுகள்

அறுபது வயது வரை கினாவி செய்த மிகப் பெரிய பயணம் எகிப்தின் எஸ்னாவிலிருந்து பக்கத்து லக்ஸர். அதுவும் பல் பிடுங்கப் போனது. முப்பத்தெட்டு வருடம் வாய்க்கால் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்தக் கிழமை யார் வயலுக்குத் தண்ணீர் என்று எழுதிக்கொண்டிருந்தவர். ஜன்னலுக்கு எதிரே நைல் ஓடியது. அது போகிற பக்கம் நாமும் போனால் என்ன என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் அக்கா மகன் நாகி வந்தான். தக்காளி லாரி ஓட்டுகிறவன். காகிதத்தைக் கண்டாலே தனக்குக் காய்ச்சல் வருவதாகவும், துறைமுகத்திலும் எல்லையிலும் காகிதங்களை மாமா பார்த்துக்கொண்டால் லாரியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். கினாவி யோசிப்பதற்குள் அவர் மனைவி நபவீயா பையை அடுக்கி முடித்துவிட்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கினாவியை மூன்று வாரம் பார்த்தவள் அவள். குறை சொல்வதற்கில்லை.

சஃபாகா துறைமுகத்தில் அவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு தண்ணீருக்கும் முறை எழுதுகிறவன் யார் என்று நாகியிடம் கேட்டார். கப்பலில் ஏறியது முதல் சவூதிக் கரையில் இறங்கியது வரை வாந்தி. அக்கரைக்குப் போன லாரி திரும்பவில்லை. சவூதியின் தபூக்குக்கும் ஜோர்டானின் அம்மானுக்கும் நடுவே சுமை ஏற்றி இறக்கியே ஒரு வருடத்தை ஓட்டியது. ஜனவரியில் அம்மானில் பனி கொட்டியது. நபவீயாவுக்குக் காட்டலாம் என்று ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்தார். நெஞ்சு நனைந்து நின்ற அவரை நாகி வழிநெடுக இருந்த லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அறிமுகப்படுத்தினான்.

பிறகு அந்தக் குளியல்.

அம்மானில் ஒரு பழைய வெந்நீர்க் குளியல் வீடு. முரட்டுக் கையுறை போட்ட ஒரு தடியர் கினாவியைப் பலகையில் கிடத்தி, அறுபது வருட எஸ்னா மண்ணைத் தேய்த்து எடுத்தார். இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டு, தோளில் ஒரு வெள்ளைத் துண்டு, சிவந்த முகம், சோப்பு பட்டுக் கலங்கிய கண்கள். அந்தக் கோலத்தில் நாகி ஒரு படம் எடுத்து நபவீயாவின் போனுக்கு அனுப்பினான். கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் அவன் ஆர்டர் செய்த கோழி வந்தது. பக்ரீத்துக்கு ஒரு வாரம் இருந்தது, மக்காவில் ஹஜ் கூடும் சமயம்.

செப்டம்பரில் ஊர் திரும்பிய கினாவி, தன் வீட்டைத் தாண்டிப் பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்தார். சுவர் முழுக்க, ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் வீட்டுக்கு அந்த ஊரில் வரையும் ஓவியம். ஒரு கப்பல், ஒரு விமானம், நடுவே கறுப்பாக மக்காவின் கஅபா. அதன் பக்கத்தில் ஹஜ்ஜில் உடுத்தும் தைக்காத இரண்டு வெள்ளைத் துணி போர்த்தி, கையேந்தி நிற்கும் ஒரு மனிதர். தொப்பையைக் குறைத்திருந்தார்கள், முடியைக் கூட்டியிருந்தார்கள். ஆனாலும் அந்த மூக்கு கினாவியின் மூக்கு. மேலே முழ எழுத்தில்: ஹாஜி கினாவி. பையை இறக்கிய ஆட்டோக்காரர் கினாவியின் தோளில் முத்தமிட்டு, வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கினாவி வாசலிலேயே உட்கார்ந்தார். நபவீயா வெளியே வந்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நான் என்ன பண்ணேன்? போட்டோவக் காட்டினேன். எல்லாரும் முபாரக்னாங்க. வீடு வீடாப் போயி இல்ல இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"துண்டுல நீலக்கரை போட்டிருந்துச்சேடி."

"ஓவியக்காரன் கேட்டான். இப்ப அப்படித்தான் வருது போலன்னேன்."

கல்யாண வீடுகளில் நபவீயாவுக்கு இத்தனை காலமும் அடுப்புப் பக்கம்தான் இடம். மூன்று மாதமாக முன்வரிசையில் மெத்தை. அதை அவள் சொல்லவில்லை. அவள் உட்காரும் விதம் சொன்னது.

மூன்று நாள் தெரு வந்து போனது. மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் கேட்டார்கள். அவரிடம் இருந்தது எட்டு ஆலிவ் எண்ணெய் சோப்பு. வாயைத் திறக்க நேரம் தராமல் அதைப் பறித்து முகர்ந்து கண்களை மூடிக்கொண்டார்கள். பள்ளிவாசலில் அவரை முதல் வரிசைக்குத் தள்ளினார்கள். இரண்டு அண்ணன் தம்பிகள் வரப்புத் தகராறுக்கு அவர் சொல்வதுதான் தீர்ப்பு என்றார்கள். சொல்லிவிடலாம் என்று கினாவி ஒவ்வொரு முறையும் நினைத்தார். ஒவ்வொரு முறையும் யாராவது அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் மதியம் ஃபரஜல்லா வந்தான். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருப்பவன், கினாவியோடு ஒரே வருடம் பிறந்தவன், அவரை வாழ்நாளில் மரியாதையாக அழைத்தறியாதவன். அவன் மனைவி பஹீகாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, பக்ரீத் சமயத்தில் மருத்துவர்கள் கைவிரித்திருந்தார்கள். அவள் பேரைச் சொல்லி இறைவனிடம் துஆ கேள் என்று கினாவியின் போனுக்குக் குரல் அனுப்பியிருந்தான். இப்போது பஹீகா தன் காலால் நடந்து, தானே தட்டைச் சுமந்து வந்தாள். கோதுமை அடைத்துச் சுட்ட புறாக்கள்.

"ஹாஜியாரே, நீங்க கேட்டது வீண்போகல," என்றான் ஃபரஜல்லா.

அந்த "நீங்க" அவன் வாயிலிருந்து கினாவி அதுவரை கேட்டறியாதது. புறா என்றால் எலும்பையும் விடாத மனிதர், அன்று தட்டைத் தொடவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் நினைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அறுபது வருடச் சிநேகிதன் ஒரு குளியல் துண்டைப் பார்த்துத் தன்னிடம் கைகட்டி நிற்பதை எப்படித் தாங்குவது? உண்மையைச் சொன்னால், அவன் பெண்டாட்டி பிழைத்ததற்கு அவன் வைத்திருக்கும் காரணத்தை என்ன செய்வது?

மறுநாள் காலை சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறினார். முதலில் பேரை அழித்தார். பிறகு அந்த மனிதரை, தான் ஏறாத விமானத்தை. கஅபாவின் மேல் சுண்ணாம்பு மட்டையை வைக்கக் கை வரவில்லை, விட்டுவிட்டார். கப்பலையும் விட்டார். அதில் வாந்தி எடுத்தது சத்தியம். கீழே தெரு கூடிவிட்டது. ஏணியிலிருந்தே சொன்னார்.

"நான் ஹஜ்ஜுக்குப் போகல. அது அம்மான்ல ஒரு குளியல் வீடு. நான் கட்டியிருந்தது அவங்க துண்டு."

கூட்டத்தில் நின்ற நாவிதர் மெதுவாகச் சொன்னார்:

"பாத்தீங்களா? போயிட்டு வந்ததக்கூட மறைக்கிறாரு. பேரே வேணாங்கறாரு."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஏணியில் ஏறி, சுண்ணாம்பு ஒழுகும் கினாவியின் கையில் முத்தமிட்டார். கினாவி சத்தியம் செய்தார், அவர்கள் தலையாட்டினார்கள். அவர் எவ்வளவுக்கெவ்வளவு மறுத்தாரோ அவ்வளவுக்கவ்வளவு குரல்களைத் தாழ்த்திக்கொண்டு கலைந்தார்கள். ஒரு வருடத்தில் கடலையும் பனியையும் பார்த்து வாயைப் பிளந்தவர்தான். இப்படி ஒன்றை அவர் எங்கும் பார்த்ததில்லை.

ஃபரஜல்லா மட்டும் நின்றான்.

"கரை நீலமாத்தான் இருந்துச்சு. போட்டோவுல நானும் பாத்தேன்," என்றான். பிறகு, "பஹீகாவுக்குக் கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். தபூக் ரோட்டுல, பெட்ரோல் பங்க்ல. விடிகாலைல தக்காளிப் பெட்டி அட்டைய விரிச்சுப் போட்டு, அவ பேரச் சொல்லிக் கேட்டேன்."

ஃபரஜல்லா சுவரில் மிச்சமிருந்த கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பெட்ரோல் பங்க்ல இருந்தா?"

"ஆமாடா."

"அத மட்டும் வெளிய சொல்லித் தொலையாத. நாளைக்கே பாதி ஊரு லாரி ஏறிடும்."

இப்போதெல்லாம் தெருவில் அவர் ஹாஜியார்தான். முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. நபவீயாவின் மெத்தையும் ஒரு அங்குலம் கனத்துவிட்டது. கினாவி மறுத்து மறுத்துச் சலித்துவிட்டார். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு எதிர்ச்சாரியிலிருந்து ஒரு குரல் வருகிறது.

"டேய் கினாவி, டீ ஆறுது."

மூன்று நாடு பார்த்த மனிதர், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவைக் கடக்கிறார்.